10 பேர் சேர்ந்தால்தான் முழு வழிபாடு: இந்தியாவின் சினகாக்குகள் ஏன் எல்லா வயதினருக்கும் பள்ளிக்கூடமாக இருக்கின்றன?

சனிக்கிழமை காலை. ஒரு சிறிய யூத வழிபாட்டு இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரார்த்தனைப் புத்தகங்கள் கையில் இருக்கின்றன. ஆனாலும் வழிபாட்டின் முக்கியமான பகுதியைத் தொடங்க முடியாது. எல்லோர் கண்ணும் வாசலில். பத்தாவது ஆள் வரணும்.

அந்தப் பத்தாவது ஆள் 70 வயது தாத்தாவாக இருக்கலாம். போன மாதம்தான் 13 வயது முடிந்த பள்ளி மாணவனாகவும் இருக்கலாம். ஐடி கம்பெனியில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, தூக்கத்தைத் தியாகம் செய்து வந்த 27 வயது இளைஞராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தியாவில் யூதர்களின் எண்ணிக்கை இன்று சில ஆயிரம் மட்டுமே. இவ்வளவு சிறிய சமூகத்தில் அடுத்த பத்தாவது ஆள் தானாக வந்து நிற்க மாட்டார். சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்து உருவாக்க வேண்டும். அதனால்தான் இங்குள்ள சினகாக்குகளில் ஞாயிறு வகுப்பு, பண்டிகைக் கொண்டாட்டம், இளைஞர் சந்திப்பு, முதியோர் பராமரிப்பு எல்லாமே வழிபாட்டோடு சேர்ந்தே நடக்கின்றன. இது எப்படி இயங்குகிறது, இதில் என்ன பணயத்தில் இருக்கிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சினகாக் என்றால் என்ன? கோயிலா, பள்ளிக்கூடமா?

தமிழ் பைபிளில் 'ஜெப ஆலயம்' என்று வருகிறதே, அதுதான் சினகாக். கிரேக்கத்திலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு 'கூடுதல்' என்று பொருள். எபிரேய மொழியில் 'பெய்த் க்னெஸ்ஸெத்', அதாவது கூடும் வீடு. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியில் இன்னும் வெளிப்படையாக 'ஷூல்' என்றே சொல்வார்கள். பள்ளிக்கூடம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெருசலேமில் இருந்த யூதர்களின் கோயிலை கி.பி. 70-ல் ரோமானியர்கள் இடித்தார்கள். அதோடு பலி, பூசாரி என்ற முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு மதத்தின் மையமே வாசிப்பும் பிரார்த்தனையும் விவாதமும் ஆனது. சினகாக்கில் சிலை இருக்காது. கையால் எழுதிய தோரா சுருள்கள்தான் அங்கே மிகப் புனிதமானவை. புனிதப் பொருளே ஒரு நூல் என்றால், அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமில்லையா? படிப்பு இங்கே கூடுதல் செயல்பாடு ஆகாமல் அடிப்படையே ஆனது இப்படித்தான்.

அது என்ன 10 பேர் கணக்கு?

இதற்கு 'மின்யான்' என்று பெயர். 13 வயது நிறைந்த யூதர்கள் 10 பேர். மரபுவழிச் சபைகளில் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் உண்டு.

10 பேர் சேராவிட்டால் தனித்தனியாகப் பிரார்த்தனை செய்யலாம், தடையில்லை. ஆனால் தோரா சுருளை வெளியே எடுத்து முறைப்படி சபையில் வாசிக்க முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் 'கத்தீஷ்' பிரார்த்தனையையும் சொல்ல முடியாது.

கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் மதகுரு இல்லை! 10 சாதாரண ஆட்கள் போதும். இந்தியாவின் பெரும்பாலான சபைகள் பல தலைமுறைகளாக நிரந்தர ரபி இல்லாமலேயே இயங்கியவை. பிரார்த்தனையை ராகத்தோடு நடத்தத் தெரிந்த 'ஹசான்' ஒருவர் முன்னால் நிற்பார். அவரும் பல இடங்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தவர்தான்.

இந்தியாவில் எத்தனை யூதர்கள் இருக்கிறார்கள்?

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 26 ஆயிரத்துக்கும் மேல். 2001-ல் 4,650. அரை நூற்றாண்டில் இவ்வளவு பெரிய சரிவு. யாரும் விரட்டியதால் வந்த சரிவு இல்லை இது. 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு மத உணர்வு, வேலை, திருமணம், 'அண்ணன் போயிட்டான், நாமும் போகலாம்' என்ற குடும்பக் காரணம் எனப் பலவும் சேர்ந்து மக்கள் கிளம்பிப் போனார்கள்.

இந்திய யூதர்கள் எல்லோரும் ஒரே குழுவினர் இல்லை. மூன்று பழைய சமூகங்கள் உண்டு. கொங்கண் கரையிலிருந்து வந்த மராத்தி பேசும் 'பெனே இஸ்ரேல்' சமூகம்தான் மிகப் பெரியது. கேரளத்தின் கொச்சி யூதர்கள் மலையாளம் பேசியவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈராக் முதலிய நாடுகளிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள் 'பாக்தாதி' யூதர்கள். மும்பை, கொல்கத்தா, புனே நகரங்களின் பிரமாண்டமான சினகாக்குகளில் பல இவர்கள் கட்டியவை. இவர்களைத் தவிர மணிப்பூர், மிசோரமில் 'ப்னே மெனாஷே', ஆந்திராவில் 'பெனே எஃப்ராயிம்' என்று யூத அடையாளத்தைச் சமீப காலத்தில் ஏற்றுக்கொண்ட குழுக்களும் உண்டு.

ஒருமுறை மறந்துபோய், திரும்பப் படித்தவர்கள்

இந்தக் கதையில் ரொம்ப சுவாரஸ்யமான பகுதி இதுதான். பெனே இஸ்ரேல் மரபுக் கதைப்படி, அலிபாக் அருகே நவ்காவ் கடலில் கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் இவர்களின் முன்னோர்கள். கையோடு கொண்டுவந்த நூல்கள் கடலோடு போய்விட்டன. தலைமுறைகள் போகப் போக எபிரேய மொழியும் மறந்துபோனது.

ஆனால் சில பழக்கங்கள் மட்டும் மிஞ்சின. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். செதிலும் துடுப்பும் இல்லாத மீனைச் சாப்பிடுவதில்லை. 'ஷெமா' என்ற ஒற்றைப் பிரார்த்தனை. அப்புறம், சனிக்கிழமை வேலை செய்வதில்லை. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த இவர்களை ஊரார் 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை செக்கு ஓட்டாத வாணியர் என்றே அழைத்தார்கள். பண்டிகைகளுக்கும் மராத்தியில் பெயர் வைத்திருந்தார்கள். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு 'தார்ஃபால்னிச்சா சண்', கதவு சாத்தும் பண்டிகை. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நோன்பிருப்பதால் அந்தப் பெயர். பெயரும் காரணமும் போன பின்னும் பழக்கம் நின்றது.

அப்புறம் டேவிட் ரஹாபி என்பவர் வந்தார். கொச்சியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த யூத வணிகக் குடும்பத்தவர் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவர்கள் உண்மையிலேயே யூதர்கள்தானா என்று பார்க்க, பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். வீட்டுப் பெண்கள் செதில் இல்லாத மீன்களைத் தனியே ஒதுக்கி வைத்தார்களாம். அந்தத் தேர்வில் இவர்கள் பாஸ்! பிறகு மூன்று பேருக்கு எபிரேயமும் சடங்குகளும் கற்றுக்கொடுத்து, அவர்களை ஊர் ஊராகக் கற்பிக்க அனுப்பினார் என்கிறது சமூகத்தின் மரபு.

1796-ல் மும்பையில் முதல் சினகாக் எழுந்தது. இன்று 'கேட் ஆஃப் மெர்சி' என்று அழைக்கப்படும் இதைக் கட்டியவர் கிழக்கிந்திய கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசெக்கியேல் திவேகர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் பள்ளிகள் நடத்தினார்கள். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் மராத்தியில் எபிரேய இலக்கண நூலே எழுதினார். மதம் மாற்றலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. மொழி தெரிந்ததும் இவர்கள் தங்கள் சொந்த வேதத்தைத் தாங்களே படிக்கத் தொடங்கினார்கள்.

1846-ல் பஸ்கா பண்டிகை நூலான ஹகாதா மராத்தியில் அச்சானது. ஜோசப் எசெக்கியேல் ராஜ்புர்கர் பிரார்த்தனை நூல்களை ஒவ்வொன்றாக மராத்திக்குக் கொண்டுவந்தார். 1875-ல் ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் சமூகத்துக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். மும்பை மஜ்காவில் இருக்கும் சர் எல்லி கதூரி பள்ளியின் வேர் அதுதான். இன்று அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் மற்ற சமூகத்துப் பிள்ளைகள்.

ஒருமுறை எல்லாவற்றையும் இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்த சமூகம் இது. அதனால் 'கத்துக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்வி இவர்களுக்கு வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

சரி, குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

முதலில் எழுத்து. எபிரேயத்தில் 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக எழுத வேண்டும். உயிரொலிகளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் போட்டுக் கற்றுத் தருவார்கள். வீட்டில் மராத்தியோ இந்தியோ, பள்ளியில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமை எபிரேயம் என்று ஒரு குழந்தைக்கு மூன்று நான்கு மொழி.

ஆனால் குழந்தைகளை உள்ளே இழுப்பது வகுப்பைவிடப் பண்டிகைதான். பூரிம் பண்டிகையில் எஸ்தர் கதையை வாசிப்பார்கள். வில்லன் ஹாமானின் பெயர் வரும்போதெல்லாம் குழந்தைகள் கிலுகிலுப்பை ஆட்டி, காலைத் தட்டி, காது கிழியச் சத்தம் போடலாம். மாறுவேடம் வேறு. (அந்த நூலின் முதல் வரியிலேயே இந்தியா வருகிறது, பாரசீக மன்னரின் ஆட்சி எல்லையாக.) ஹனுக்காவில் எட்டு நாள் விளக்கு, பெனே இஸ்ரேல் வீடுகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போடுவது பழைய வழக்கம். சிம்ஹாத் தோரா நாளில் சுருள்களைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் ஆட, பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்கும்.

பஸ்கா இரவு இன்னும் அழகு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கதையைச் சாப்பாட்டு மேசையில் சொல்வார்கள். ஆனால் கதை தானாகத் தொடங்காது. வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து, 'இன்னைக்கு மட்டும் ஏன் எல்லாம் வேற மாதிரி இருக்கு?' என்ற பொருளில் கேள்விகள் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் மொத்தக் கதையும் விரியும். குழந்தையின் கேள்வியில்தான் பாடம் ஆரம்பிக்கிறது.

13 வயதில் என்ன நடக்கும்?

பையனுக்கு 13 வயதில் 'பார் மிட்ஸ்வா'. பெண் பிள்ளைகளுக்கு 12 அல்லது 13-ல் 'பாத் மிட்ஸ்வா'. இதைப் பெரிய பார்ட்டியாக ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் இது ஒரு பொறுப்பேற்பு. அன்றிலிருந்து பையன் மின்யான் கணக்கில் வருவான். சபை முன்னால் தோராவிலிருந்து வாசிப்பான்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் என்னவென்றால் தோரா சுருளில் அந்த உயிர்க்குறிகள் எதுவும் இருக்காது. நிறுத்தக்குறியும் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. தமிழில் ஒருவர் 'ப், ட், ம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது படமா, பாடமா, பீடமா? இடத்தைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்களே, அதைவிடக் கடினம் இது.

அதனால் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். தாத்தாவோ ஹசானோ பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லித் தருவார். வாசிக்கும்போது சுருளை விரலால் தொடக் கூடாது. கை வடிவில் முனை கொண்ட ஒரு கோலால் வரியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தப்பாக வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் உடனே திருத்துவார். திருத்தத் தெரிந்த ஒருவர் சபையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கண்ணி. ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்த தலைமுறையைத் திருத்த ஆள் இல்லை.

20, 30 வயதுக்காரர்களுக்கு?

இங்கேதான் உண்மையான போராட்டம். கல்லூரி, வேலை, வேறு நகரம், வேறு நாடு. இது உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

அதனால் இளைஞர்களுக்கான நிகழ்ச்சிகள் வகுப்பு மாதிரி இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறையும்போது சபாத் தொடங்கும். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாகச் சேர்வது முக்கியமான சந்திப்பு. ரொட்டி, மெழுகுவர்த்தி, ஆசீர்வாதம். பெனே இஸ்ரேல் வழக்கத்தில் திராட்சை மதுவுக்குப் பதில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத். முகாம், சுற்றுலா, பண்டிகை நாடகம் போன்றவையும் உண்டு. மும்பையில் ஓ.ஆர்.டி. அமைப்பு 1960-களில் இருந்து தொழிற்பயிற்சியும் தந்துவந்திருக்கிறது. வேலை கிடைத்தால்தானே ஊரில் இருப்பார்கள்!

வெளிப்படையாகச் சொல்லாத இன்னொரு நோக்கமும் உண்டு: வரன். சில ஆயிரம் பேர் உள்ள சமூகத்தில் சமூகத்துக்குள் துணை தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இளைஞர்கள் சந்திக்கும் இடம் சினகாக்கும் சமூக மையமும்தான்.

பெரியவர்கள் என்ன படிக்கிறார்கள்?

தோரா முழுவதையும் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம்தோறும் வாசித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள். முடித்த அன்றே முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடக்கம். படித்து முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாத சிலபஸ் இது. உலகின் எந்தச் சினகாக்குக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே வாரம் அதே பகுதி ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்காக மும்பையிலிருந்து துபாயோ லண்டனோ போனவரும் விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம்.

யூத மரபில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பத்தியைப் படித்து வாதிடும் முறைக்கு 'ஹவ்ருத்தா' என்று பெயர். ஒத்துப்போவது குறிக்கோள் கிடையாது. எதிராளியின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்தியச் சமூகங்கள் தங்கள் மண்ணின் வடிவங்களையும் எடுத்துக்கொண்டன. 1880-களில் பெனே இஸ்ரேல் சமூகத்தினர் மகாராஷ்டிரத்தின் கீர்த்தனை முறையில், பாட்டும் கதையுமாக மோசே கதையையும் யோசேப்பு கதையையும் மராத்தியில் சொன்னார்கள். எபிரேயம் தெரியாத பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் அதுவே வகுப்பு. கொச்சியில் பெண்கள் மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். பைபிள் கதைகள், கல்யாணப் பாட்டு, தங்கள் சினகாக் கட்டிய வரலாறு எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருந்தன.

அவல் தட்டில் ஒரு சமூகம்

படிப்பு எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாப்பாடு பிடிக்கும்! பெனே இஸ்ரேல் சமூகத்துக்கே உரிய ஒரு சடங்கு 'மலிதா'. அவலை நனைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்து, பழங்களை அடுக்கி வைத்து, இறைவாக்கினர் எலியாவை நினைத்து நன்றி சொல்வார்கள். கல்யாணம், புது வீடு, வேலை கிடைத்தது, நோய் குணமானது, எதற்கு வேண்டுமானாலும் மலிதா. நம்ம வீட்டில் வேண்டுதல் நிறைவேறினால் பொங்கல் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு.

இறைச்சியையும் பாலையும் ஒரே உணவில் சேர்க்கக் கூடாது என்பது யூத உணவு விதி. கொங்கண் கரையில் அதற்குத் தீர்வு கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை: தேங்காய்ப்பால். குழம்பிலிருந்து புத்தாண்டு அல்வா வரை எல்லாவற்றிலும் அதுதான். சமையலறையில் பாட்டியுடன் நிற்கும் குழந்தை, பாடம் என்று தெரியாமலேயே சட்டத்தைக் கற்றுக்கொள்கிறது.

முதியவர்களுக்கு ஏன் 10 பேர் இன்னும் முக்கியம்?

பெற்றோர் இறந்தால் 11 மாதங்கள் கத்தீஷ் சொல்வது வழக்கம். அரமேய மொழியில் உள்ள அந்தப் பிரார்த்தனையில் மரணம் என்ற சொல்லே வராது. முழுக்க இறைவனைப் போற்றுவதுதான். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. துக்கத்தில் இருப்பவர் சொல்ல, சுற்றி இருக்கும் சபை பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். தனக்குப் பிறகு யார் சொல்வார்கள், சுற்றி நிற்க 10 பேர் இருப்பார்களா என்ற கவலை அவருக்கு இருக்கும். அந்த விதி துக்கப்படுபவரை வீட்டில் தனியே அடைந்து கிடக்க விடாது. மற்றவர்களையும் அவருக்காக வரச் செய்யும். முதியோருக்கு மருந்து, பண்டிகைப் பொருள், வீட்டுக்கே போய்ப் பார்ப்பது போன்ற உதவிகள் சினகாக்கைச் சுற்றியே வளர்ந்ததும் இதனால்தான்.

கொச்சி, டெல்லி, தாணே: மூன்று ஊர், மூன்று நிலைமை

கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக் 1568-ல் கட்டப்பட்டது. கையால் வரைந்த சீன ஓடுகள், தொங்கும் விளக்குகள், வெளியே மணிக்கூண்டு. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் குறைவதே இல்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் மிஞ்சியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது, வெளியூர், வெளிநாட்டு யூதர்கள் வந்தால் மட்டுமே 10 பேர் சேர்கிறார்கள்.

டெல்லி ஹுமாயூன் சாலையில் ஜூடா ஹயாம் சினகாக் 1956-ல் தொடங்கியது. தலைநகரில் யூதக் குடும்பங்கள் மிகச் சில. தூதரக ஊழியர்களும் பயணிகளும் சேர்ந்தால்தான் கூட்டம். பல பத்தாண்டுகள் சம்பளம் இல்லாமல் இதை வழிநடத்திவந்த வழக்கறிஞர் எசெக்கியேல் ஐசக் மலேகர், பெண்களையும் மின்யானில் எண்ணுவது என்று முடிவெடுத்தார். ஆணும் பெண்ணும் சேர்ந்து அமரலாம் என்றார். மரபுவாதிகள் இதை ஏற்பதில்லை. ஆனால் ஒரு சிறிய சபை தன்னைத் தக்கவைத்துக்கொள்ள விதியையே மாற்றிய உதாரணம் இது. பக்கத்திலேயே இருக்கும் கல்லறையில்தான், 1971 போரில் டாக்கா சரணடைதலில் முக்கியப் பங்காற்றிய லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் 2016-ல் அடக்கம் செய்யப்பட்டார்.

மூன்றாவது மும்பையும் தாணேயும். தாணேயில் 1879-ல் தொடங்கிய 'ஷார் ஹஷமாயிம்', அதாவது சொர்க்கத்தின் வாசல் என்ற சினகாக் இன்று நாட்டின் பெரிய சபைகளில் ஒன்று. மும்பையில் வாடகை ஏற, குடும்பங்கள் தாணே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணம். குழந்தைகள், இளைஞர்கள், முதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் இங்கே பத்தாவது ஆளை உள்ளூரிலேயே வளர்த்தெடுக்க முடிகிறது.

வித்தியாசம் புரிகிறதா? கொச்சியில் கட்டடம் இருக்கிறது, ஆள் இல்லை. டெல்லியில் எண்ணும் முறை மாறியது. தாணேயில் அடுத்த தலைமுறை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அரசு என்ன செய்திருக்கிறது?

தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட ஆறு மதச் சிறுபான்மையினரில் யூதர்கள் இல்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் மட்டுமே உண்டு. மகாராஷ்டிரா 2016-லும் குஜராத் 2018-லும் மாநில அளவில் யூதர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தன. சிறுபான்மை நலத் திட்டங்களுக்கும், சொந்தக் கல்வி நிறுவனம் நடத்துவதற்கும் இது உதவும்.

மும்பை கோட்டைப் பகுதியில் 1884-ல் கட்டிய நீல நிற கெனெஸெத் எலியாஹூ சினகாக் புதுப்பிக்கப்பட்டு 2019-ல் திறக்கப்பட்டது. கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணமும் நிபுணர்களும் போதும். சபையைப் புதுப்பிக்க மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் எழுந்து போய் வகுப்பெடுக்க வேண்டும்.

தமிழுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம்?

இருக்கிறது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-ல் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு, கொச்சி யூதர்களின் மிகப் பழைய ஆவணம். அது எழுதப்பட்டது வட்டெழுத்தில். தமிழ்க் கல்வெட்டு படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. 2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது பரிசாகக் கொடுத்தது இந்தச் செப்பேட்டின் பிரதியைத்தான்.

சென்னைக்கும் ஒரு கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வைரம், பவளம் வாங்கி விற்க ஐரோப்பாவிலிருந்து யூத வணிகர்கள் இங்கே வந்து தங்கினார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவு. 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி உருவானபோது அதன் உறுப்பினர்களில் யூதர்களும் இருந்தார்கள். வணிகம் முடிந்ததும் குடும்பங்கள் கலைந்துபோயின. இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறிய கல்லறைத் தோட்டம்.

நீங்கள் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. 2008 மும்பைத் தாக்குதலில் யூத மையமான நாரிமன் இல்லமும் குறிவைக்கப்பட்டது. அதிலிருந்து பல சினகாக்குகளில் போலீஸ் காவலும் அடையாள அட்டைச் சோதனையும் இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை சபாத். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போவது சரியாக இருக்காது. வழிபாட்டுக்கு அழைத்திருந்தால் போனை வெளியே எடுக்காதீர்கள். படம் எடுப்பது, எழுதுவது இரண்டும் அன்று கூடாது.

ஆண்கள் தலையை மறைக்கச் சின்னத் தொப்பி வாசலிலேயே தருவார்கள். தோள், முழங்கால் மறைக்கும் உடை போதும். கொச்சி பரதேசி சினகாக்கில் செருப்பைக் கழற்ற வேண்டும். தோரா சுருளை எடுத்து வரும்போது எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

யாரும் உங்களை மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். ஆள் சேர்ப்பது யூத மரபில் இல்லை. நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள்: பார்த்தவுடன் இஸ்ரேல் அரசியலில் ஆரம்பிக்காதீர்கள். எதிரே நிற்பவர் தாணேயிலோ புனேயிலோ பிறந்து வளர்ந்த இந்தியர். மேற்காசியா பற்றி அவருக்கும் அவருடைய சபையில் பக்கத்தில் இருப்பவருக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம்.

கடைசியாக ஒன்று

ஒரு சமூகம் அழிகிறதா, பிழைக்கிறதா என்பதைப் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே முடிவு செய்கிறோம். 4,650 என்ற எண்ணைப் பார்த்தால் 'அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு' என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே ஒரு பிரார்த்தனையையும் சனிக்கிழமை ஓய்வையும் மட்டும் கையில் வைத்திருந்த கொங்கண் எண்ணெய்க்காரர்கள் பிறகு பள்ளி கட்டினார்கள், நூல் அச்சிட்டார்கள், சபைகள் அமைத்தார்கள்.

அடுத்த முறை தாணேயில் ஒரு 13 வயதுப் பையன் உயிர்க்குறி இல்லாத சுருள் முன்னால் நின்று, குரல் கொஞ்சம் நடுங்க முதல் வரியை வாசிக்கும்போது, சபையில் இருப்பவர்களுக்கு அது வெறும் பிறந்தநாள் விழாவாக இருக்காது. ஒருவர் கூடுகிறார். அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், வரக்கூடியவர்கள் பட்டியலில் இன்னொரு பெயர் இருக்கும்.